நாளை நடப்பதை விலை பேசலாமா?

2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு வாக்களித்த நாள் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. நோன்புப் பெருநாள் கழிந்து எட்டு நாட்களே ஆகியிருந்தன. வாக்குகள் எண்ணப்பட்டதோ ஜூன் 4ஆம் நாள். இடையில் 46 நாட்கள். மக்கள் தீர்ப்பு இயந்திரங்களுக்குள் முத்திரையிடப்பட்டு உறங்குகிறது. இனி யாருடைய முயற்சியாலும் அது மாறப் போவதில்லை. ஆனால் அது என்னவென்று அல்லாஹ் ஒருவனைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. இத்தகைய நாட்களில்தான் மனிதனின் நாவு நீளுகிறது. நாவைத் தொடர்ந்து கையும் பணப்பையை நோக்கி நீளுகிறது.

ஊகம் சொல்வது மனித இயல்பு. மழை வருமா, மீன் படுமா, பெண் கேட்டு வந்தவர்கள் சம்மதிப்பார்களா என்று நாள்தோறும் ஊகிக்கிறோம். இதில் குற்றம் ஏதுமில்லை. ஊகத்தின் மேல் பணத்தை வைக்கும்போதுதான் அது வேறு உருவம் எடுக்கிறது. அந்த உருவத்தை நம் இல்லங்கள் சரியாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்ற கவலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வெற்றி அல்ல, வித்தியாசம்

செங்கல்பட்டில் வாழும் நாங்கள் வாக்களிப்பது காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில். செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சிபுரம் என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய தனித்தொகுதி அது. மாமல்லபுரம் கடற்கரையும் அதற்குள் அடங்கும். 2019இல் அங்கு தி.மு.க. வேட்பாளர் திரு. ஜி. செல்வம் 2,86,632 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார். 2024இலும் அவரே நின்றார். ஆகவே, "யார் வெல்வார்?" என்ற கேள்விக்குப் பந்தயம் கட்ட எங்கள் ஊரில் எதிராளியே கிடைக்கவில்லை. தோற்கும் பக்கத்தில் பணம் வைக்க யார் வருவார்?

ஆனால் சூதாட விரும்புபவனுக்கு உறுதியான தொகுதியும் ஒரு தடையாவதில்லை. "யார்" என்ற கேள்வி போனால் "எவ்வளவு" என்ற கேள்வி வருகிறது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் அந்த 46 நாட்களும் பேச்சு முழுவதும் வாக்கு வித்தியாசம் பற்றியே இருந்தது.

எங்கள் பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழும் நண்பர்கள் இருவர். இருவரும் சிறு வணிகர்கள். வித்தியாசம் இரண்டே கால் லட்சத்தைத் தாண்டும் என்றார் ஒருவர். தாண்டாது என்றார் மற்றவர். சிரித்துக்கொண்டே தொடங்கிய பேச்சு, சுற்றியிருந்தோர் தூண்டிவிட, 25,000 ரூபாய்ப் பந்தயமாக முடிந்தது. ஜூன் 4ஆம் நாள் மாலை அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 2,21,473. தாண்டும் என்றவர் 3,527 வாக்குகளில் தம் பணத்தை இழந்தார்.

பள்ளிக்கூடங்கள் திறக்கும் மாதம் அது. பிள்ளைகளின் கட்டணத்துக்கென வைத்திருந்த தொகையில்தான் அவர் கைவைக்க வேண்டியிருந்தது. முதலில் பாதியைக் கொடுத்தார்; மீதிக்குத் தவணை கேட்டார். வென்றவர் கடை வாசலில் நின்று கேட்டார். இடையில் சொல்லக் கூடாத சொற்கள் சொல்லப்பட்டன. அதன் பிறகு ஒருவர் முதல் ஸஃப்பிலும் மற்றவர் கடைசி ஸஃப்பிலும் நிற்கத் தொடங்கினர். ஸலாம் நின்றது. இரு வீட்டுப் பெண்களும் பெருநாள் பலகாரம் கொடுத்தனுப்புவதும் நின்றது.

மது, சூது, சிலைகளுக்கான பலிபீடம், குறி பார்க்கும் அம்புகள் ஆகியவற்றை ஒன்றாக நிறுத்தித் தடை செய்யும் திருமறை வசனங்கள் ஸூரா அல்மாயிதாவில் 90, 91ஆம் வசனங்களாக உள்ளன. சூதினால் உள்ளங்களில் பகை விளையும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் மனிதன் விலக்கப்படுவான் என்பது அங்கு காட்டப்படும் காரணம். அந்த விளக்கத்துக்கு வேறு உரை தேட எனக்குத் தேவை ஏற்படவில்லை. எங்கள் பள்ளிவாசலின் இரண்டு ஸஃப்களே போதுமானவையாக இருந்தன.

தங்கை மகன் கேட்ட கேள்வி

அதே ஆண்டு அக்டோபரில், கோவளத்தில் வாழும் என் தங்கையின் மகன் என்னைப் பார்க்க வந்தான். சிறுசேரியில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். ஐவேளைத் தொழுகையில் குறை வைக்காத பிள்ளை. கைப்பேசியை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினான். அமெரிக்காவில் நவம்பர் 5ஆம் நாள் தேர்தல். அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் ஓர் இடம் அது. நீண்ட காலமாக ஒரே கட்சி வென்று வரும் தொகுதி. அக்கட்சி வேட்பாளரின் பெயருக்கு எதிரே 97 சென்ட் என்று விலை போட்டிருந்தது.

"மாமா, இன்றைக்கு 97 சென்ட் கொடுத்து ஒரு சீட்டு வாங்கினால், அவர் வென்றதும் ஒரு டாலர் தருவார்கள். தோற்றால் ஒன்றுமில்லை. ஆனால் அவர் தோற்கவே மாட்டார். அங்கே எல்லோருக்கும் அது தெரியும்" என்றான்.

"அதற்கென்ன?"

"உம்மா ஹஜ்ஜுக்குச் சேர்த்த மூன்று லட்சம் சும்மா கிடக்கிறது. வங்கியில் போட்டால் வட்டி. அதை உம்மா கையால் தொடமாட்டார்கள். இது வட்டி இல்லையே? சூது என்றால் முடிவு தெரியாமல் ஆடுவது. இங்கேதான் முடிவு தெரிந்திருக்கிறதே! ஒரு மாதத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கிடைக்கும். இது ஹலாலா, ஹராமா என்று நீங்கள் சொல்லுங்கள்."

அவன் குரலில் பேராசை இல்லை. தாயை விரைவில் ஹஜ்ஜுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. வட்டிக்கு அஞ்சும் பிள்ளை என்பதால்தான் இந்த வழி அவன் கண்ணில் பட்டது. ஹராமுக்கு அஞ்சும் இளைஞனைப் புதிய பெயரில் வரும் ஹராம் எளிதில் ஏமாற்றிவிடும். எனவே அவனைக் கடிந்துகொள்ளாமல் அமர்த்தி, அந்த விலை எப்படி உருவாகிறது என்று முதலில் இருவரும் ஆராய்ந்தோம்.

97 சென்ட் சொல்வது என்ன?

இவற்றைக் கணிப்புச் சந்தைகள் என்கிறார்கள். 1988ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆராய்ச்சிக்காக ஒன்றைத் தொடங்கினர். அதில் ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. பிறகு லாபத்துக்காகவே பாலிமார்க்கெட், கால்ஷி போன்ற நிறுவனங்கள் தோன்றின. நாடாளுமன்றத் தேர்தல் முடிவின்மீது இத்தகைய சீட்டுகள் விற்பதை அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் தடுத்தது. வழக்கு நடந்து, 2024 அக்டோபரில் நீதிமன்றம் வழிவிட்டது.

இச்சந்தைகளை ஆதரிப்போர் சொல்வதையும் நாம் நேர்மையுடன் கேட்க வேண்டும். பலரிடம் சிதறிக் கிடக்கும் அறிவைப் பணம் ஒன்று திரட்டுகிறது; வாயால் சொல்வதைவிடக் காசு வைத்துச் சொல்லும்போது மனிதன் கவனமாகச் சொல்கிறான்; ஆகவே விலை 97 என்றால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 97 என்பது அவர்கள் வாதம். அயோவாச் சந்தை பல தேர்தல்களில் கருத்துக் கணிப்புகளைவிட முடிவுக்கு நெருங்கி வந்ததும் உண்மையே.

ஆனால் போட்டியே இல்லாத தொகுதியில் அந்த விலை எதைச் சொல்கிறது? எல்லோருக்கும் வெற்றி உறுதி என்றால் விலை ஏன் 100 ஆகவில்லை? காரணங்கள் மூன்று. முதலாவது, தேர்தல் முடியும் வரை பணம் முடங்கிக் கிடக்கும். அவ்வாறு காத்திருப்பதற்கு ஒரு கூலி எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டாவது, தோற்கப் போகிறவரின் சீட்டு மூன்று சென்ட்டுக்குக் கிடைப்பதால், "அடித்தால் முப்பது மடங்கு" என்று அதை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். வெல்ல வழியில்லாத குதிரைக்கு மக்கள் அதன் தகுதிக்கு மேல் விலை கொடுப்பதைக் குதிரைப் பந்தய ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்படும் வரை நம் கடைத்தெருக்களில் தொங்கிய சீட்டுகளும் இந்த ஆசையைத்தான் விற்றன. மூன்றாவது, இத்தகைய சிறு தொகுதிகளில் பணம் போடுவோர் சிலரே. கொஞ்சம் பணம் உள்ள ஒருவர் நினைத்தால் விலையை ஏற்றவும் இறக்கவும் முடியும். ஏறிய விலையைப் பார்த்துச் செய்தி பரவும். செய்தியைப் பார்த்து விலை மேலும் ஏறும்.

ஆக, அந்த 97 தூய அறிவின் அளவுகோல் அல்ல. அதில் காத்திருப்பின் கூலி உண்டு. ஏழையின் நப்பாசை உண்டு. பணக்காரனின் விளையாட்டும் உண்டு.

உறுதி என்றால் வட்டி, இல்லையென்றால் சூது

இப்போது தங்கை மகனின் கேள்விக்கு வருவோம். "முடிவு உறுதி, ஆகவே சூது அல்ல" என்றான். அவன் சொன்னபடியே முடிவு நூற்றுக்கு நூறு உறுதி என்று வைத்துக்கொள்வோம். அப்போது நடப்பது என்ன? இன்று 97 கொடுத்து, சில வாரங்கள் கழித்து 100 வாங்குகிறான். இடையில் சரக்கு இல்லை, உழைப்பு இல்லை, நட்டத்துக்கு இடமும் இல்லை. பணத்தைக் கொடுத்து, தவணை கழித்து, கூடுதல் பணம் பெறுவதற்கு மார்க்கம் சூட்டிய பெயர் ரிபா. அது வட்டியேதான். கடன் பத்திரத்துக்குப் பதிலாக வேட்பாளரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முடிவு உறுதியில்லை என்றால்? அவர் வென்றால் இவனுக்கு மூன்று. தோற்றால் இவனுடைய 97உம் எதிராளிக்கு. ஒருவரின் லாபம் முழுவதும் மற்றவரின் நட்டத்திலிருந்தே வருகிறது. அதன் பெயர் மைசிர், அதாவது சூது. வாய்ப்பு பாதிக்குப் பாதியானாலும், நூற்றுக்கு மூன்றானாலும் பெயர் மாறாது.

உறுதியென்றால் வட்டி, உறுதியில்லையென்றால் சூது. இரண்டுக்கும் நடுவில் தப்பிச் செல்ல ஒரு சந்து இருக்கிறதா என்று அவனும் நெடுநேரம் தேடினான். கிடைக்கவில்லை.

அறியாமைக் கால அரபியரின் மைசிரும் முற்றிலும் பயனற்றதாக இருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒட்டகத்தை அறுத்து, பத்து அம்புகளைக் குலுக்குவர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெறும் அம்புகள். வென்றவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை பெறுவதும் வழக்கமாயிருந்தது. இருந்தும், மது, சூது இரண்டிலும் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை ஒப்புக்கொண்டு, அவற்றின் பாவமோ பயனைவிடப் பெரியது என்று ஸூரா அல்பகராவின் 219ஆம் வசனம் தெளிவாக்குகிறது. கணிப்புச் சந்தையால் ஒரு தகவல் கிடைக்கிறது என்ற வாதத்துக்கும் இதுவே விடை. பயன் இருக்கலாம். பயன் இருப்பதால் மட்டும் ஒன்று ஹலால் ஆகிவிடுவதில்லை.

ஸித்தீக் (ரலி) அவர்களின் பந்தயம்

முடிவு உறுதியாகத் தெரிந்த ஒரு பந்தயம் நம் வரலாற்றிலேயே உண்டு. கி.பி. 614இல் பாரசீகர் ரோமரிடமிருந்து ஜெரூசலத்தைக் கைப்பற்றினர். மக்கத்துக் குறைஷிகள் மகிழ்ந்தனர். வேதம் உடைய ரோமர் தோற்றது முஸ்லிம்களுக்கு வருத்தமளித்தது. ரோமர் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் வெல்வர் என்னும் முன்னறிவிப்புடன் ஸூரா அர்ரூம் அருளப்பட்டது. அன்றைய நிலையில் நம்ப முடியாத செய்தி அது.

ஹழ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் இச்செய்தியைக் குறைஷிகளிடம் உரத்துச் சொன்னார்கள். உபை பின் கலஃப் பந்தயத்துக்கு அழைத்தான். பத்து ஒட்டகங்கள் என்று பேசி முடிந்தது. வசனத்திலுள்ள சொல் மூன்று முதல் ஒன்பது வரையிலான ஆண்டுகளைக் குறிக்கும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கவே, தவணை ஒன்பது ஆண்டுகளாகவும் பந்தயம் நூறு ஒட்டகங்களாகவும் உயர்த்தப்பட்டதாக விரிவுரைகள் கூறுகின்றன. ரோமர் வென்றனர். அதற்கு முன்பே உபை இறந்துவிட்டதால் அவனுடைய வாரிசுகளிடமிருந்து ஒட்டகங்கள் பெறப்பட்டன. அவற்றை ஸதக்காவாகக் கொடுத்துவிடுமாறு ஸித்தீக் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்டது என்றும் அறிவிப்பு உண்டு.

சூது தடை செய்யப்படுவதற்கு முன் நிகழ்ந்த சம்பவம் இது என்பதில் அறிஞர்களிடையே தெளிவு உண்டு. இதில் நம் மனத்தைத் தொடும் பாடம் வேறொன்று. மனித வரலாற்றில் எதிர்காலம் குறித்து ஒருவருக்கு முழு உறுதி இருந்ததென்றால் அது அன்று ஸித்தீக் (ரலி) அவர்களுக்கு இருந்தது. அந்த உறுதி வஹீயிலிருந்து வந்தது. அப்படியிருந்தும் அந்தப் பந்தயப் பொருள் அவர்கள் வீட்டு உலையில் வேகவில்லை. கைப்பேசியில் வரும் 97ஐ வஹீ போல் நம்பி, அதன் லாபத்தில் ஹஜ்ஜுக்குச் செல்லலாமா?

எது பாதுகாப்பான தொகுதி?

உறுதி என்ற சொல்லையே சற்று உரசிப் பார்ப்போம். எங்கள் காஞ்சிபுரம் தொகுதியை 2024இல் எல்லோரும் உறுதியான தொகுதி என்றனர். அத்தொகுதியில் 2009இல் காங்கிரஸ் 13,103 வாக்குகளில் வென்றது. 2014இல் அ.தி.மு.க. 1,46,866 வாக்குகளில் வென்றது. 2019இல் தி.மு.க. வென்றது. பத்தாண்டுகளில் மூன்று கட்சிகள்! அதற்குள் அடங்கிய திருப்போரூரில் 2021 சட்டமன்றத் தேர்தலில் வெற்றியைத் தீர்மானித்தவை வெறும் 1,947 வாக்குகள்.

விருதுநகரில் 1967இல் பெருந்தலைவர் காமராசர் தோற்பார் என்று எவர் நினைத்தார்? 1,285 வாக்குகளில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். காயிதே மில்லத் அவர்களை 1962, 1967, 1971 என மும்முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மஞ்சேரி, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக முஸ்லிம் லீகின் கோட்டையாக விளங்கியது. 2004இல் அங்கு மார்க்சிஸ்ட் வேட்பாளர் டி.கே. ஹம்ஸா வென்றபோது கேரளமே வியந்தது. 2024இலும் பெரும்பாலான கருத்துக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன. பங்குச் சந்தை அதை நம்பி ஒரு நாள் துள்ளியது. கிடைத்தவை 293. வாக்கு எண்ணிக்கை நாளன்று சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் சரிந்தது.

அரசியலை விடுவோம். 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. தரவரிசையில் முதலிடத்துடன் வந்த அமெரிக்க அணி ஐந்தாம் இடம் பெற்றது. பதினான்காம் இடத்தில் வந்த உஸ்பெகிஸ்தான் இளைஞர்கள் பொது அணிக்கான தங்கத்தை வென்றனர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் மண்ணிலிருந்து வந்த பிள்ளைகள் நம் கடற்கரையில் வென்றதைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர். பந்தயம் வைத்து ஆடினால் சதுரங்கம் ஹராம். பந்தயமின்றி ஆடினாலும் அது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. அது ஒருபுறம் இருக்கட்டும். அதிர்ஷ்டத்துக்கு இடமில்லாத அந்தக் கட்டங்களிலேயே மனிதக் கணக்கு பொய்த்ததென்றால், லட்சக்கணக்கான உள்ளங்கள் சேர்ந்து ஆடும் தேர்தல் களத்தைப் பற்றி என்ன சொல்வது?

கடலில் இருக்கும் மீன்

"மாமா, வியாபாரத்திலும்தானே உறுதி இல்லை? அதுவும் சூதாகிவிடாதா?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. விடை அவன் வீட்டு வாசலிலேயே இருந்தது.

கோவளம் கடற்கரையில் அதிகாலையில் படகு கரையேறியதும், மீன் மணலில் கொட்டப்பட்ட பின்புதான் ஏலம் தொடங்கும். வாங்குபவர் மீனைக் கண்ணால் காண்கிறார், தொட்டுப் பார்க்கிறார், விலை சொல்கிறார். நீருக்குள் இருக்கும் மீனை விற்பதும் வாங்குவதும் கூடாது என்று ஹதீஸ் நூல்களில் வந்திருக்கிறது. இருப்பதும் தெரியாது, அளவும் தெரியாது என்பதே காரணம். இதை ஃபிக்ஹு நூல்கள் ஃகரர் என்கின்றன. இயந்திரத்துக்குள் மூடிக் கிடக்கும் வாக்குகளின்மேல் விலை பேசுவது நீருக்குள் இருக்கும் மீனை விலை பேசுவதே.

அதே கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. படகின் உரிமையாளரும் கடலுக்குப் போனவர்களும் செலவு நீக்கிப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். மீன் பட்டால் எல்லோருக்கும் பங்கு. படாவிட்டால் எல்லோருக்கும் வெறுங்கை. அங்கும் நாளை என்னவென்று தெரியாது. ஆனால் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே திசையில் துடுப்புப் போடுகிறார்கள். அவர்களின் உழைப்பால் உலகுக்கு உணவு கிடைக்கிறது. அது தவக்குல். பந்தயத்திலோ உலகுக்கு ஒரு பிடி அரிசிகூட மிகுவதில்லை. ஒரு பையிலிருந்த பணம் மறு பைக்குப் போகிறது. வியாபாரத்துக்கும் சூதுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வாக்கு ஒரு சாட்சியம்

இறுதியாக, நம் சமுதாயம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. வாக்களிப்பதைச் சாட்சியம் சொல்வதற்கு ஒப்பிடுவர் நம் உலமாக்கள். இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சொல்லும் சாட்சியம் அது. சாட்சியத்தை மறைப்பதும் குற்றம்; பொய்யாகச் சொல்வதும் குற்றம். தம் சாட்சியத்தால் தமக்கே ஆதாயம் தேடுபவரின் சாட்சியம் ஏற்கப்படாது என்பது ஃபிக்ஹின் விதி. தேர்தல் முடிவின்மேல் பணம் வைத்தவரின் வாக்கு எத்தகைய சாட்சியம்? ஊருக்கு நல்லவர் யார் என்று பார்ப்பாரா, தம் பணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பாரா?

உறுதியான தொகுதி என்னும் பேச்சு இன்னொரு கேட்டையும் செய்கிறது. "எப்படியும் அவர்தான், நான் போய் என்ன ஆகப் போகிறது?" என்ற சோம்பலை வளர்க்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் பதிவானவை ஏறத்தாழ 70 விழுக்காடு வாக்குகள். பத்துப் பேரில் மூவர் வாக்களிக்கவில்லை. நான் மேலே சொன்ன நண்பர்களில், வித்தியாசம் தாண்டும் என்று பந்தயம் கட்டியவரும் அந்த மூவரில் ஒருவர். அன்று கடையை மூட மனமில்லை என்றார். 25,000 ரூபாய்க்குத் தேர்தலைப் பற்றிக் கவலைப்பட்டவருக்கு ஒரு விரல் மைக்கு நேரமில்லை! சூது மனிதனைப் பங்காளியின் இடத்திலிருந்து இறக்கி வேடிக்கை பார்ப்பவனாக ஆக்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாட்டுச் சட்டமும் இத்தகைய பந்தயத்துக்குத் துணை நிற்பதில்லை. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு கூறுகிறது. பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகள், திறமையால் ஆடப்பட்டாலும் அதிர்ஷ்டத்தால் ஆடப்பட்டாலும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் தடை செய்யப்பட்டன. எனினும் சட்டம் ஒரு வாசலை மூடினால் கைப்பேசி இன்னொரு வாசலைத் திறந்து காட்டும். வீட்டு வாசலை வீட்டார்தான் காக்க வேண்டும்.

தங்கை மகன் அந்தச் சீட்டை வாங்கவில்லை. அவன் காட்டிய அமெரிக்க வேட்பாளர் எதிர்பார்த்தபடியே வென்றார். "வாங்கியிருந்தால் ஒன்பதாயிரம் வந்திருக்கும் மாமா" என்று தொலைபேசியில் சிரித்தான். "வந்திருக்கும்தான்" என்றேன். ஒன்றைத் தோற்போம் என்பதற்காக நாம் விலக்குவதில்லை. வென்றாலும் அது நமக்கு ஆகாது என்பதற்காகவே விலக்குகிறோம். அந்த மூன்று லட்சமும் ஒரு பைசா கூடாமல், ஒரு பைசா குறையாமல் அவன் தாயின் ஹஜ் தவணைக்குச் சென்றது.

பெற்றோர்களே, பிள்ளைகள் கைப்பேசியில் எதை விலை பேசுகிறார்கள் என்று அன்புடன் விசாரியுங்கள். "ஹராம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாமல், ஏன் ஹராம் என்று விளக்குங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கோபப்படாதீர்கள். இளைஞர்களே, "வா, பந்தயம் கட்டுவோம்" என்று வாய் தவறிச் சொன்னவர்கூட அதற்காகத் தருமம் செய்யட்டும் என்று நம் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளதை நினைவில் கொள்ளுங்கள். பகைத்து நிற்கும் நண்பர்களை ஜமாஅத்துப் பெரியவர்கள் அழைத்து ஒரே ஸஃப்பில் நிறுத்துங்கள். எங்கள் ஊரில் அம்முயற்சி தொடங்கியிருக்கிறது. இன்ஷா அல்லாஹ் நிறைவேறும்.

ஓர் ஆன்மா நாளை எதைச் சம்பாதிக்கும் என்பதை அதுவே அறியாது என்பது ஸூரா லுக்மானின் இறுதி வசனம் புகட்டும் பாடம். நாளையை அறிந்தவனிடம் நாளையை ஒப்படைத்து, இன்றைய கடமையைச் செய்யும் நல்லடியார்களாக அவன் நம் அனைவரையும், நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.